உருகிய கப்ளர்: எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

காரில் இன்ஜின் போனால் வீடே கூடிப் பேசும். கியர் பாக்ஸ் போனால் சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரிடமும் யோசனை கேட்பார்கள். ஆனால் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் உருகிப்போனால்? யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. "வயர் லேசா எரிஞ்சிருக்கு சார், பார்த்துக்கலாம்" என்பார் மெக்கானிக். வண்டிக்காரரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அந்தப் "பார்த்துக்கலாம்" என்ற ஒற்றை வார்த்தைக்குள் சில நூறு ரூபாய் வேலையும் இருக்கலாம், பல ஆயிரம் ரூபாய் பில்லும் இருக்கலாம். வேலை சரியில்லை என்றால் ஒரு நாள் நடுரோட்டில் புகையும் இருக்கலாம்!

பட்டறைகளில் இந்தக் கனெக்டருக்குப் பெயர் கப்ளர். ஒரு காரில் வயர் எல்லாம் ஒரே துண்டாக ஓடுவதில்லை. பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்று பல இடங்களில் இறங்கி ஏறித்தான் ஹெட்லைட்டுக்கோ ஏசி ப்ளோயருக்கோ போய்ச் சேருகிறது. இறங்கி ஏறும் இடங்களில் ஒரு பிளாஸ்டிக் கூடும், அதற்குள் பித்தளை டெர்மினல்களும் இருக்கும். ஒரு பக்கத்துப் பின் மறுபக்கத்து டெர்மினலுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் வரை கவலையில்லை. பிடி தளர்ந்தால்தான் தொல்லை ஆரம்பம்.

ஏன் உருகுகிறது?

யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில், "ஷார்ட் ஆயிடுச்சு". பெரும்பாலும் இது தவறான பதில். ஷார்ட் ஆனால் மின்சாரம் தாறுமாறாக ஏறும், ஃபியூஸ் போய்விடும். கப்ளர் உருகிய வண்டியில் ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள், பல சமயம் புத்தம்புதுசாக அப்படியே இருக்கும். அப்படியானால் சூடு எங்கிருந்து வந்தது?

பிளஸ் டூவில் படித்த ஒரு விதி இங்கே உதவும். ஒரு தடையின் வழியே மின்சாரம் போனால் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியையும் அந்தத் தடையையும் பெருக்கினால் கிடைக்கும். இதை 1840களின் தொடக்கத்தில் கண்டுசொன்ன ஜேம்ஸ் ஜூல், பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் பீர் காய்ச்சும் தொழில் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. நீராவி இன்ஜினுக்குப் பதிலாக மின் மோட்டார் வைத்தால் செலவு குறையுமா என்ற வியாபாரக் கேள்வியும் அவருடைய ஆராய்ச்சிக்கு ஒரு தூண்டுதல். காமர்ஸ் படிக்கிறவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏசி ப்ளோயர் மோட்டார் முழு வேகத்தில் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்ளர் நல்ல நிலையில் இருக்கும்போது அந்த இணைப்பின் தடை 0.005 ஓம் என்றால், அங்கே உண்டாகும் வெப்பம் 1 வாட் சொச்சம். காற்றிலேயே ஆறிவிடும். துருவோ தளர்ச்சியோ வந்து தடை 0.05 ஓம் ஆகிவிட்டால்? வெப்பம் 11 வாட்டைத் தாண்டும். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் பொதுவாக 25 வாட்தான். கிட்டத்தட்ட அதில் பாதிச் சூடு, டேஷ்போர்டுக்குப் பின்னால், காற்றோட்டம் இல்லாத ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள், பயணம் முழுக்க எரிந்துகொண்டே இருக்கிறது. உருகாமல் என்ன செய்யும்?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சூடு ஏற ஏற டெர்மினலின் ஸ்பிரிங் பிடிமானம் போய்விடும். பிடி தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் இன்னும் சூடு. கந்துவட்டி மாதிரி, வட்டிக்கு வட்டி போட்டு வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஒரு மாதம் முன்பு லேசாக மஞ்சள் பூத்திருந்த கப்ளர், திடீரென்று ஒரு நாள் கருகிக் கையோடு வருகிறது.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றவில்லை?

ஃபியூஸ் பார்ப்பது மொத்த மின்னோட்டத்தை மட்டும்தான். வழக்கமாகப் போகும் 15 ஆம்பியர்தான் இப்போதும் போகிறது. சொல்லப்போனால் தடை கூடியதால் ஒரு பொட்டு குறைந்துகூட இருக்கும். ஃபியூஸ் எதற்குப் போக வேண்டும்?

கணக்கியலில் இருப்பாய்வு என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை சமமாக வந்தாலும் உள்ளே பிழையே இல்லை என்று அர்த்தமில்லை என்பதை முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுவார்கள். ஒரு பதிவு மொத்தமாக விட்டுப்போயிருக்கலாம், தவறான கணக்கில் ஏறியிருக்கலாம். இருந்தாலும் கூட்டுத்தொகை சமம் காட்டும். ஃபியூஸ் போகாத வண்டியும் அப்படித்தான். ஃபியூஸ் நன்றாக இருப்பது வயரிங் நன்றாக இருப்பதற்குச் சான்றிதழ் அல்ல.

விலை கொடுத்து வாங்கும் வினை

கப்ளர் உருகுவதற்குக் காரணங்கள் பல. தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தல், அதிர்வில் தேய்ந்துபோதல், மோட்டாரே பழசாகி அதிக மின்சாரம் இழுத்தல். இவையெல்லாம் வண்டியின் வயசுக் கோளாறு. ஆனால் ஒரு காரணம் மட்டும் கடையில் காசு கொடுத்து வாங்கி வருவது. அதுதான் அதிக வாட் ஹெட்லைட் பல்பு.

கார்களில் பல காலமாகப் புழங்கிவரும் எச்4 ஹாலஜன் பல்பின் அளவு 60/55 வாட். ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. "எதிர்ல வர்றவன் கண்ணு கூசணும்" என்ற நல்லெண்ணத்தோடு சிலர் 100/90 வாட் பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். 12 வோல்ட் கணக்கில் 60 வாட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். 100 வாட் பல்புக்கு 8.3 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடியிருக்கிறது, ஆனால் இருமடி விதிப்படி கப்ளரில் உண்டாகும் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. கம்பெனி போட்ட வயரும் கப்ளரும் அந்தப் பழைய அளவுக்கானவை. தனியாக ரிலே வைத்துத் தடிமனான வயர் இழுத்து, செராமிக் ஹோல்டர் போட்டால் வயரிங் தப்பிக்கும். எதிரில் பைக்கில் வருகிறவர் தப்பிப்பாரா என்பது வேறு கேள்வி.

இரண்டு தவறான வழிகள்

சரி, உருகிவிட்டது. இப்போது என்ன செய்வது? நம் ஊரில் பொதுவாக இரண்டு வழிகள்தான் கிடைக்கின்றன. இரண்டுமே தவறு.

முதல் வழி, "டைரக்ட் கொடுத்துட்டேன் சார்". உருகிய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வயர்களையும் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிடுவது. செலவு மிகக் குறைவு. வேலை பத்து நிமிடம். ஆனால் கையால் முறுக்கிய இணைப்பு அதிர்வில் தளரும். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகிப் பிரிந்துவிடும். ஏற்கெனவே கறுத்துப்போன செம்பு இழைகளை முறுக்கினால், தடையைக் கூட்டிக்கொடுத்த நோய் அப்படியே உள்ளே இருக்கும். புண்ணுக்குப் புனுகு பூசுகிற வேலை இது. போதாக்குறைக்குச் சிலர் 15 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் போட்டும் தருவார்கள். இருந்த ஒரு காவல்காரனையும் வேலையை விட்டு அனுப்பியாயிற்று.

இரண்டாவது வழி, "முழு வயரிங் கிட்டையும் மாத்தணும் சார்". ஒரு கப்ளர் கருகியதற்காக, டேஷ்போர்டைக் கழற்றி, நல்ல நிலையில் இருக்கும் நூற்றுக்கணக்கான வயர்களையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய கிட். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தேய்ந்துபோன ப்ளோயர் மோட்டார்தான் காரணம் என்றால், கிட் புதிதானாலும் மோட்டார் பழசுதானே? புதுக் கப்ளரும் சில மாதங்களில் அதே கதிக்கு வரும்.

ஒன்று மலிவு, மற்றொன்று விலை அதிகம். ஆனால் இரண்டிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றேதான்: ஏன் உருகியது?

சரியான வழி எது?

இது ராக்கெட் விடும் வேலை ஒன்றும் அல்ல. பொறுமை வேண்டும், நல்ல கிரிம்பிங் கருவி வேண்டும், ஒரு மல்டிமீட்டர் வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். பிறகு காரணத்தைத் தேட வேண்டும். பல்பு எத்தனை வாட்? மோட்டார் இலகுவாகச் சுற்றுகிறதா? ஈரம் எங்கிருந்து இறங்குகிறது? காரணம் கிடைக்காமல் வயரில் கை வைப்பது வீண்.

அடுத்து, கருகிய வயரைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சூட்டில் விறைத்துப்போன உறையும் கறுத்த இழையும் ஒரு அங்குலம்கூட மிச்சம் இருக்கக்கூடாது. குறைந்துபோன நீளத்துக்கு அதே தடிமன் அல்லது அதைவிடத் தடித்த வயர் சேர்க்கலாம், மெல்லியது கூடவே கூடாது. டெர்மினலைச் சரியான அளவு கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும், கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. ஈயம் வைத்தால் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை அந்த இடத்தில் விறைப்பாக்கிவிடும். ஓடும் வண்டியின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் வயர் ஒடியும். பல வயர்களைச் சேர்க்கும்போது எல்லா ஒட்டுகளும் ஒரே இடத்தில் வராமல் முன்னே பின்னே தள்ளி வைத்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டுச் சூடுகாட்டினால் தண்ணீரும் இறங்காது.

மிக முக்கியமான ஒன்று: கப்ளருக்கு இரண்டு பாதிகள். பெரும்பாலும் வயர்ப் பக்கத்துப் பாதியை மட்டும் மாற்றிவிட்டு, ரெசிஸ்டரிலோ மோட்டாரிலோ சுவிட்சிலோ இருக்கும் கருகிய பின்னை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கறுத்த பழைய பின் புதிய டெர்மினலையும் சேர்த்தே கெடுத்துவிடும். மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்.

கடைசியாகச் சோதனை. பேட்டரியை மாட்டி, ப்ளோயரையோ லைட்டையோ முழுசாக ஓடவிட்டு, கப்ளரின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கால் மணி நேரம் ஓடிய பிறகு தொட்டுப் பார்த்தால் இளஞ்சூட்டுக்கு மேல் போகக்கூடாது. இந்தக் கடைசிச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இருந்தும் இதைச் செய்கிற பட்டறைகள் குறைவு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் நிறக் கப்ளர்கள் பொதுவாக ஏர்பேக்குக்கு உரியவை. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது உயர் மின்னழுத்தம். இரண்டிலும் பயிற்சி இல்லாதவர்கள் கையே வைக்கக்கூடாது.

யாரை நம்புவது?

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை? இங்கேதான் எலக்ட்ரிக்கல் முடிந்து எகனாமிக்ஸ் ஆரம்பிக்கிறது.

1973 ஆம் ஆண்டு மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில சரக்குகளின் தரம் வாங்குவதற்கு முன்பே தெரியும். சிலவற்றின் தரம் வாங்கிப் பயன்படுத்தினால் தெரியும். இன்னும் சிலவற்றின் தரம் வாங்கிய பிறகும் வாங்கியவருக்குத் தெரியாது. நம்பிக்கையின் பேரில் மட்டுமே வாங்கப்படும் இந்த மூன்றாவது வகைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் கார் ரிப்பேரும் ஒன்று. நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்து விற்பவரும் ஒருவராகவே இருந்தால், தேவையில்லாத மருந்தும் விற்கப்படும் என்பதுதான் சாரம்.

உருகிய கப்ளர் இதற்கு அச்சு அசலான உதாரணம். டேஷ்போர்டுக்குப் பின்னால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறதா, முறையாகக் கிரிம்ப் செய்திருக்கிறதா என்று வண்டிக்காரருக்கு எப்படித் தெரியும்? இரண்டிலும் அன்றைக்கு ஏசி காற்று ஒரே மாதிரிதான் வரும்.

ஆனால் பழியை மெக்கானிக் தலையில் மட்டும் போடுவது நியாயம் அல்ல. காரணத்தைத் தேட ஒரு மணி நேரம் ஆனது என்று கூலி கேட்டால் எத்தனை பேர் கொடுப்பார்கள்? "வெறும் வயரைத்தானே பார்த்தீங்க, அதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்பார்கள். சாமானுக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் வாடிக்கையாளர் மூளைக்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறார். அப்படிப்பட்ட சந்தையில் மெக்கானிக் மூளையை விற்க மாட்டார், சாமானைத்தான் விற்பார். வயரிங் கிட் பில்லுக்கு ஒரு காரணம் இந்தப் பக்கமும் இருக்கிறது.

கம்பெனிகளின் பங்கு

மெக்கானிக் நேர்மையானவர், வண்டிக்காரரும் கூலி கொடுக்கத் தயார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரியான கப்ளரும் டெர்மினலும் தனியாகக் கிடைக்க வேண்டுமே? சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்து, அச்சு அசலாக இல்லாவிட்டாலும் ஏறக்குறையப் பொருந்துகிற ஒன்றைத் தேடிப் பிடிக்கிறவர்கள் உண்டு. ஏறக்குறையப் பொருந்தும் டெர்மினல் என்றாலே தளர்ச்சி, தளர்ச்சி என்றாலே சூடு. கதை திரும்பவும் முதலிலிருந்து!

தனியாக விற்க முடியாது என்பதும் உண்மை இல்லை. ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் வயர்த் துண்டோடு கூடிய கனெக்டர்களைத் தனி எண் போட்டே விற்கிறது. டொயோட்டாவும் ரிப்பேருக்கென்றே டெர்மினல் பொருத்திய வயர்களைத் தனியாக வைத்திருக்கிறது. முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்தியாவிலும் இது புதிய சண்டை அல்ல. உதிரிபாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 2014 ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஆம் ஆண்டு நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள் ஆகியவற்றோடு வாகனமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் இணையதளத்தில் தகவல் இருப்பதும் கடையில் கப்ளர் இருப்பதும் ஒன்றல்ல.

கம்பெனிகள் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். "கண்டவர்களும் கை வைத்தால் தீப்பிடிக்கும். பழி எங்கள் மேல் வரும்." இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2012 ஆம் ஆண்டு அக்டோபரில் டொயோட்டா உலகம் முழுக்கச் சுமார் 74 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பவர் விண்டோ சுவிட்சில் கிரீஸ் சீராகத் தடவப்படாததுதான் கோளாறு. சுவிட்ச் சிக்குகிறதே என்று கடையில் கிடைக்கும் ஏதாவது எண்ணெயை விட்டால் சுவிட்ச் உருகிப் புகை வரலாம் என்று அந்த நிறுவனமே அப்போது எச்சரித்தது.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தனை லட்சம் வண்டிகளுக்கும் டொயோட்டா வயரிங் கிட்டை மாற்றவில்லை. சுவிட்சைப் பிரித்துப் பார்த்து, சரியான கிரீஸைத் தடவி, கெட்டிருந்தால் மட்டும் பாகத்தை மாற்றிக் கொடுத்தது. தனக்குச் செலவு வரும்போது கம்பெனி காரணத்தைத் தேடி, அதை மட்டும் சரிசெய்கிறது. வாடிக்கையாளருக்குச் செலவு வரும்போது மட்டும் ஏன் "முழு செட்டாத்தான் வரும் சார்" என்ற பதில்? சரியான சாமானும் சரியான செய்முறையும் வெளிப் பட்டறைக்குக் கிடைத்தால், கண்டபடி கை வைப்பது தானாகவே குறையும். கொடுக்காமல் வைத்துக்கொண்டு, தவறாகச் செய்கிறார்கள் என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

வாடகைக்கு ஓடும் ஒரு பழைய காரை நினைத்துப் பாருங்கள். அதை வைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, பிள்ளையின் ஃபீஸ் போகிறது. அவரால் கிட்டுக்குப் பணம் புரட்ட முடியாது. ஆகவே டேப் சுற்றித்தான் ஓட்டுவார், ராத்திரியில், பின் சீட்டில் யாரோ ஒரு குடும்பத்தை உட்கார வைத்துக்கொண்டு. ஒரு சின்னச் சாமானைத் தனியாக விற்காததன் விலையை அந்தக் குடும்பமும் சேர்ந்துதான் சுமக்கிறது.

வாரண்டி இருக்கும் வண்டி என்றால் கம்பெனி சர்வீசுக்கே போவது நல்லது, கேள்வியே இல்லை. வாரண்டி முடிந்த வண்டிக்காரர்கள் பட்டறையில் மூன்றே விஷயம் கேட்டால் போதும். ஏன் உருகியது? இரண்டு பக்கமும் மாற்றினீர்களா? கழற்றிய பழைய கப்ளர் எங்கே, காட்டுங்கள். இந்த மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிற மெக்கானிக் கிடைத்தால், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணம் வயருக்கு அல்ல, காரணத்தைக் கண்டுபிடித்ததற்கு.